ஆளைத் தூக்க ஒரு பெல்ட்

செல்வநாயகி அக்கா எங்கள் கடைக்குள் வந்தபோது நானும் முதலாளியும் ஒரு கபடி டீமின் பனியன்களுக்கு நம்பர் ஒட்டிக்கொண்டிருந்தோம். விருத்தாசலம் ஜங்ஷன் ரோட்டில் இருக்கும் விளையாட்டுச் சாமான் கடை. புடவை கட்டிய பெண்கள் வந்தால் பிள்ளைக்கு ஷட்டில் பேட் வாங்க வருவார்கள். இல்லாவிட்டால் போன வாரம் வாங்கின பேட்டின் நரம்பு அறுந்துவிட்டது என்று சண்டை போட வருவார்கள். அக்காவுக்குப் பிள்ளை இல்லை. பூதாமூரில் எங்கள் வீட்டுக்கு எதிர் வரிசையில் இருப்பவர், அதனால் எனக்குத் தெரியும். செராமிக் எஸ்டேட்டில் ஒரு கம்பெனியில் வேலை பார்க்கிறார். சாப்பாட்டு நேரத்தில் அப்படியே ஓடி வந்திருக்க வேண்டும். முழங்கை வரைக்கும் களிமண் காய்ந்து வெள்ளை வெள்ளையாக வெடித்திருந்தது.

"தம்பி, ஜிம்முக்குப் போற பசங்க இடுப்புல கட்டுவாங்களே, அகலமா, பட்டை மாதிரி. அது இருக்குதா?"

"யாருக்கும்மா?" என்றார் முதலாளி சக்கரபாணி, பனியனிலிருந்து தலையை எடுக்காமல்.

"எனக்குத்தான்."

"உங்களுக்கா? எந்தப் போட்டிக்குப் போறீங்கன்னு சொல்லுங்க. நம்ம கடை பேரு போட்டு பனியன் அடிச்சிக் குடுத்துடறேன்."

"எழுவது கிலோ வூட்டுல படுத்திருக்குதுங்க. தெனம் தூக்கி இறக்கறேன். எவன் மெடலு குடுக்கறான்?"

அக்கா சிரித்துக்கொண்டுதான் சொன்னார். முதலாளிக்குத்தான் அதற்கு மேல் சிரிக்க முடியவில்லை. "பெல்ட்ட எடுத்துக் காட்டுடா" என்று என்னிடம் சொல்லிவிட்டு மறுபடி பனியனுக்குள் குனிந்துகொண்டார்.

படுத்திருந்தது அக்காவின் கணவர் ஆனந்தராஜ் அண்ணன்.

அக்காவுக்குப் பிறந்த ஊர் வேப்பூர் தாண்டி உள்ளே. மழை பெய்தால் மக்காச்சோளம், பெய்யாவிட்டால் சும்மா கிடக்கும் நிலம். கல்யாணமாகி வந்த புதிதில், நாளெல்லாம் உட்கார்ந்தே இருக்க முடியவில்லை என்று அழுதாராம். அண்ணன்தான் தன்னோடு கம்பெனிக்குக் கூட்டிப் போய்ச் சேர்த்துவிட்டார். அச்சிலிருந்து சாமானை எடுத்துப் பலகையில் அடுக்கிக் காயப்போடும் இடத்துக்குச் சுமந்து போவது அண்ணன் வேலை. ஈர ஸ்பாஞ்சால் விளிம்பைத் துடைத்து மட்டமாக்குவது அக்கா வேலை. ஃபியூஸ் கட்டை, ஊறுகாய் ஜாடி, சாமி பொம்மை எல்லாம் இவர் கையிலிருந்து அவர் கைக்குப் போனது. காலையில் ஒரே வண்டியில் போவார்கள். சாயங்காலம் ஒரே வண்டியில், இரண்டு பேரும் மாவு பூசின மாதிரி, திரும்புவார்கள். "வெள்ளைக்காரன் குடும்பம் வந்துடுச்சி" என்று தெருவில் கிண்டல் செய்வோம். அண்ணன் வண்டியிலிருந்தே கையைத் தூக்கி சலாம் வைப்பார்.

போன வருஷத்துக்கு முந்தின ஐப்பசியில், அக்காவின் அம்மா வீட்டுக்குப் போய்விட்டு வரும்போது வேப்பூர் ரோட்டில் மழை. வண்டி வழுக்கி இருவரும் விழுந்தார்கள். அக்காவுக்கு முழங்கையில் சிராய்ப்பு. அண்ணனுக்கு முதுகெலும்பு. இடுப்புக்குக் கீழே அன்றோடு ஒன்றுமில்லை. மூத்திரத்துக்கு டியூபும் பையும். மற்றதற்கெல்லாம் அக்கா தூக்க வேண்டும். காலையில் கட்டிலிலிருந்து ஓட்டை போட்ட நாற்காலிக்கு, அங்கிருந்து குளிக்கிற இடத்துக்கு, மறுபடி கட்டிலுக்கு. சாயங்காலம் வேலை விட்டு வந்ததும் வாசல் பக்கம் நாற்காலியில். நானோ தெருவில் வேறு யாருமோ உதவ முடியும்தான். ஆனால் தூக்குவதற்கு இன்னொரு ஆணின் கை தன்மேல் பட அண்ணன் விடமாட்டார்.

அக்காவின் முதுகு இந்தத் தை மாதம்தான் விட்டது. ஸ்கேன் எடுத்துப் பார்த்த டாக்டர், "இப்படியே தூக்கிட்டிருந்தீங்கன்னா வூட்டுல இன்னொரு கட்டில் வாங்கிப் போட்டுக்குங்க" என்றாராம். மருந்துக்கடையில் துணி பெல்ட் ஒன்று கொடுத்தார்கள். அது குனிந்தவுடன் சுருண்டு கயிறாகிவிட்டது. இந்தச் செய்தி திட்டக்குடிப் பக்கம் மங்களூரில் இருக்கும் அண்ணனின் அண்ணன் கோவிந்தராசுவுக்கும் போய்விட்டது. அவர் வந்து உட்கார்ந்து, "அவனை எங்கூட அனுப்பும்மா. அங்க ஆம்பளைங்க நாலு பேரு இருக்கறோம். நீ ஞாயித்துக்கெழமை வந்து பாத்துட்டுப் போ" என்றார். நல்ல மனசோடுதான் சொன்னார். அக்கா அவருக்குக் காபி கொடுத்து பஸ் ஏற்றிவிட்டு, மறுநாள் மத்தியானம் எங்கள் கடைக்கு வந்துவிட்டார்.

தோல் பெல்ட்டை எடுத்து வைத்தேன். தொப்புள் இருக்கும் உயரத்தில் சுற்றளவு எடுக்க வேண்டும். பையன்களுக்கு நானே டேப்பைச் சுற்றிவிடுவேன். அக்காவிடம் டேப்பைக் கொடுத்துவிட்டு, நான் கேரம் போர்டுகளைப் பார்த்தபடி நின்றேன்.

"இந்தா தம்பி, இவ்ளோதான் வருது" என்று விரலால் பிடித்த இடத்தைக் காட்டினார்.

பெல்ட்டைக் கட்டிக்கொண்டதும் நான் சொன்னேன். "மூச்ச நல்லா உள்ள இழுத்து வயித்துல நிறுத்திக்கணும்க்கா. வயித்தால பெல்ட்டத் தள்ளணும். அப்புறந்தான் தூக்கணும். வெறும் பெல்ட்டு ஒண்ணும் செய்யாது."

"மூச்ச நிறுத்தறதா? நாங்க மூச்ச வுட்டுட்டுல்ல தூக்குவோம்!"

அவர்கள் கம்பெனியில் அப்படித்தான். அச்சிலிருந்து எடுத்த சாமான் ஈரமாக, வெண்ணெய் மாதிரி இருக்கும். தூக்குகிற ஆள் வயிற்றை இறுக்கினால் கை விறைக்கும், பலகை அதிரும், சாமான் கண்ணுக்குத் தெரியாமல் கோணிக்கொள்ளும். சூளையில் வைத்துச் சுட்ட பிறகுதான் விரிசல் தெரியும். அதனால் வேலைக்குச் சேர்ந்த முதல் நாளே சொல்லிக்கொடுப்பது, மூச்சை வெளியே விட்டு உடம்பைத் தளர்த்திவிட்டுத் தூக்கு என்பதுதான். அக்கா தன் புருஷனையும் அப்படித்தான் தூக்கிக்கொண்டிருந்தார், சுடாத சாமானைப் போல, அதிராமல்.

இரும்புக் குண்டுகள் இருந்த பெட்டியை இழுத்து வைத்தேன். அக்கா மூச்சைப் பிடித்துக்கொண்டு தூக்கினார். முகம் சிவந்தது. கீழே வைத்துவிட்டு, "யம்மாடி. பின்னாலேருந்து யாரோ அணைச்சிப் புடிச்சிக்கிற மாதிரி இருக்குது தம்பி" என்றவர், சொன்ன வார்த்தைக்குத் தானே வெட்கப்பட்டு அவசரமாகக் கொக்கியைக் கழற்றினார்.

"பில்லு போட்டுடட்டுமா?" என்றார் முதலாளி.

"அவரை ஒரு வார்த்த கேட்டுட்டு வாங்கிக்கறேன்."

"தூக்கறது நீங்க. அவரை எதுக்கும்மா கேக்கணும்?"

"தூக்க வுடறது அவருதானுங்களே."

சாயங்காலம் நான் கிளம்பும்போது முதலாளி பெல்ட்டை ஒரு பையில் போட்டுக் கொடுத்து, "வூட்டுல காட்டிட்டு வா. புடிச்சா குடுத்துடு. காசு மெதுவா வரட்டும்" என்றார்.

அண்ணனின் கட்டில் ஜன்னலை ஒட்டிப் போட்டிருக்கும். அன்று நான் போனபோது தலையணைகளை அடுக்கிச் சாய்ந்திருந்தார். இடுப்புக்கு மேலே அப்போதும் சுமைகாரரின் உடம்புதான். என் கையில் எப்போதும் இருக்கும் கவிதைப் புத்தகத்தைப் பிடுங்கிப் பிரித்தார்.

"இன்னா தம்பி, உங்காளு இன்னிக்கு இன்னா எழுதியிருக்கான்?" ஒரு பக்கத்தைப் பார்த்துவிட்டு, "வரி முடியறதுக்குள்ள மடக்கி வுட்டுட்டான் பாரு. பக்கத்துல இவ்ளோ எடம் கெடக்குது. பேப்பர் பத்தாம மடக்குனானா, சொல்ல வந்தது மறந்துபோய் மடக்குனானா?"

"மூச்சு வுடறதுக்கு எடம் வுடறாங்கண்ணே."

"படிக்கறவனுக்கா, எழுதறவனுக்கா?"

அவர் சிரித்துக்கொண்டே புத்தகத்தைத் திருப்பிக் கொடுத்தார். அப்போதுதான் அக்கா பையிலிருந்து பெல்ட்டை எடுத்துக் கட்டிலில் வைத்தார்.

அண்ணன் அதைத் தொட்டுப் பார்த்தார். தோலின் கனத்தை, கொக்கியை, ஓட்டைகளை விரலால் தடவினார். சுமை தூக்கிய மனிதர். எதற்கு என்று யாரும் சொல்லத் தேவையிருக்கவில்லை.

"இது எதுக்குடி?"

"முதுவுக்குங்க. தம்பி கடையில..."

"லோடு ஏத்தறவன் கட்டறது இது. நான் இன்னா சிமெண்ட் மூட்டையா?"

"மூட்டைன்னு யாரு சொன்னா இப்ப?"

"சொல்ல வேற வேணுமா? பெல்ட்டு கட்டிக்கினுதான் புருசனத் தூக்கணும்னா அந்தப் புருசன் எதுக்கு? மங்களூருக்கு அனுப்பிச்சிடு. அண்ணன் வூட்டுத் தாவாரத்துல ஒரு ஓரமாப் போட்டுடுவான்."

"நாக்குல சனி உக்காந்திருக்குதா உங்களுக்கு?"

அண்ணன் முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டார். அக்கா பெல்ட்டை மறுபடி பைக்குள் போட்டார். மடிக்க வராமல் அது நிமிர்ந்து நிமிர்ந்து நின்றது. வாசல் வரை வந்து என்னிடம் கொடுத்து, "கொஞ்ச நாள் போவட்டும் தம்பி. கடையில வெச்சிரு, வேற யாருக்கும் வித்துடாத" என்றார். வாங்கவும் முடியாமல் விடவும் முடியாமல் நின்ற அந்த முகத்தை அதிகம் பார்க்கக் கூடாது என்று நான் தெருவைப் பார்த்தேன்.

கல்லாவுக்குக் கீழ்த்தட்டில் பெல்ட் இருந்தது. மாசி பிறந்தபோது அக்கா ஒருநாள் கடை வாசலில் நின்று கூப்பிட்டார். கையில் முறுக்குப் பொட்டலம்.

"தம்பி, பெல்ட்டு வேணாம்பா. யாராச்சும் கேட்டா குடுத்துடு."

"முதுகு எப்படிக்கா இருக்குது?"

"அதத்தான் சொல்ல வந்தேன். நீ சொன்ன மாதிரி மூச்சப் புடிச்சிக்கினு தூக்கறேன். அவ்வளவு லேசா இருக்குது! இத்தினி நாளு தெரியாமப் போச்சே. முன்னாடில்லாம் நாக்காலில வெக்கறதுக்குள்ள கண்ணு இருட்டிக்கும். இப்ப பொசுக்குனு தூக்கி வெச்சிடறேன். அவருக்கே ஆச்சரியம். 'பயில்வானே'ங்கறாரு என்னை."

கடைக்குள் இருந்த முதலாளி, "அப்ப பனியன் அடிச்சிடலாமா?" என்று கத்தினார்.

"அடிங்க, அடிங்க. முன்னாடி என் பேரு, பின்னாடி அவரு பேரு!"

அன்று அக்கா நிமிர்ந்து நடந்து போனார். வெயிலில் கொஞ்ச தூரம் வரைக்கும் அந்த நடை தெரிந்தது.

மாசி மகத்தன்று தேர் பார்க்க ஊர் முழுக்க வெளியூர்க்காரர்கள். எங்கள் தெரு வழியாகக் கிராமத்து ஆட்கள் கூட்டம் கூட்டமாகக் கோயிலுக்குப் போய்க்கொண்டிருந்தார்கள். அக்கா அண்ணனைத் தன்னந்தனியாகத் தூக்கி, வாசற்படியையும் தாண்டி, தெரு ஓரத்தில் நாற்காலியில் உட்கார வைத்தார். விபத்துக்குப் பிறகு அண்ணன் தெருவுக்கு வந்தது அன்றுதான். புதுச் சட்டை போட்டிருந்தார். சட்டை தொளதொளவென்று இருந்தது. போகிற வருகிறவர்களை எல்லாம் வம்புக்கு இழுத்தார். "இன்னா பெருசு, தேர இழுக்கப் போறியா, தேர் உன்ன இழுக்கப் போவுதா?" தண்ணீர்ப் பந்தலில் இருந்து யாரோ நீர்மோர் கொண்டுவந்து கொடுத்தார்கள். வாங்கி, பக்கத்தில் நின்றிருந்த ஒரு கிழவியிடம் நீட்டினார். அக்கா அவர் தோளில் கை வைத்து நின்றுகொண்டிருந்தார். அவ்வளவு பேர் பார்க்கத் தெருவில் புருஷன் தோளில் கை வைத்து நிற்கிற பழக்கம் அக்காவுக்கு இல்லை. அன்று அது தோன்றவே இல்லை போல.

பங்குனி வெயில் வந்தது. ஒரு சாயங்காலம் அக்கா எங்கள் வீட்டுக் கதவைத் தட்டினார். என் கையைப் பிடித்து இழுத்தார். உள்ளே அண்ணன் நடுங்கிக்கொண்டிருந்தார். உடம்பு அனலாகக் கொதித்தது. உதடு வெடித்து ரத்தம் காய்ந்திருந்தது. அக்காவைப் பார்த்து, "பலகையப் புடி, பலகையப் புடி" என்று சொல்லிக்கொண்டிருந்தார். ஆட்டோ வந்தது. முதல் முறையாக நான் அவரைத் தூக்கினேன். எழுபது கிலோவுக்கு என்று எடுத்த பலத்தில் அவர் என் கையில் எகிறி வந்துவிட்டார். கீழே போட்டுவிடாமல் இருக்க அணைத்துப் பிடிக்க வேண்டியிருந்தது. சட்டைக்குள் எலும்புகள் ஒன்றன்மேல் ஒன்று உரசின.

இங்கே ஆஸ்பத்திரியில் பார்த்துவிட்டுப் புதுச்சேரிக்கு அனுப்பிவிட்டார்கள். அங்கே ஒரு டாக்டரம்மா அக்காவைக் கோபத்தோடு கேட்டார். "உடம்புல தண்ணியே இல்லம்மா. கிட்னிக்குள்ள எல்லாம் புண்ணாயி கிருமி ரத்தத்துல கலந்திருக்கு. இவருக்குக் குடிக்கத் தண்ணி குடுக்கறீங்களா இல்லையா?"

"இன்னாங்க டாக்டர் இப்பிடிக் கேக்கறீங்க? ஜக்கு ரொப்பி வெச்சிட்டுத்தான் வேலைக்குப் போறேன். சாயங்காலம் வந்து பாத்தா காலியா இருக்கும். சோறும் காலியா இருக்கும்."

அதுதான் உண்மை. காலியாகத்தான் இருந்தது.

ஜுரம் தணிந்து கண் திறந்த அன்று அண்ணன் தானே சொன்னார். நான் கட்டிலின் கால்மாட்டில் நின்றிருந்தேன். அக்கா தலைமாட்டில்.

"ஜன்னல்ல ஊத்திட்டேன், நாயகி."

"எத ஊத்துனீங்க?"

"தண்ணிய. சோத்தையும் பாதி போட்டுடுவேன். கோழி தின்னுடும்."

"ஏன்?"

"காயாம எவன் தூக்கறான்?"

அக்காவுக்கு உடனே புரிந்துவிட்டது. எனக்குக் கொஞ்ச நேரம் ஆனது. அச்சிலிருந்து வந்த பெரிய ஜாடியை ஈரத்தோடு நகர்த்த இரண்டு ஆள் வேண்டும். அதையே விட்டுவைத்தால், ஈரம் போகப் போக லேசாகும். ஒரு பெண்பிள்ளை ஒற்றை ஆளாகத் தூக்கிப் போய் அடுக்கலாம். கனம் என்பது தண்ணீர். வாழ்நாள் முழுக்க அண்ணன் கையில் அறிந்தது அது. ஜன்னலுக்கு வெளியே தண்ணீரை ஊற்றிக்கொண்டு, அச்சிலிருந்து எடுத்த சாமான் மாதிரி அவர் கட்டிலில் காய்ந்துகொண்டிருந்திருக்கிறார்.

"கொஞ்சம் லேசாயிட்டா உனுக்கு அந்த பெல்ட்டு வேணாம்ல" என்றார். "மங்களூருக்கும் போவ வேணாம்ல."

"போறேன் போறேன்னு நீதானேய்யா சொன்ன?"

"சொல்லுவேன். நீ அனுப்பிடுவியா?"

அக்கா அவர் கையில் பட்டென்று அடித்தார். ஊசி குத்தியிருந்த கை. "பச்சச் சாமான் காஞ்சா வெடிக்குமே! அது தெரியாதா உனுக்கு? எத்தினி வெடிச்சத வாரிக் கொட்டியிருக்கற?"

"வெயில்ல காஞ்சாத்தாண்டி வெடிக்கும்" என்றார் அண்ணன், தப்புக் கணக்குக்கு நியாயம் சொல்கிறவர்போல. "நான் நெழல்லதானே படுத்திருந்தேன்."

பக்கத்துக் கட்டிலில் இருந்தவர் சிரித்துவிட்டார். அக்கா எழுந்து வெளியே போனார்.

நான் போய்ப் பார்த்தபோது நடைபாதையில் செருப்புகளுக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்திருந்தார். என்னைப் பார்த்ததும் வாயில் முந்தானையை வைத்துக்கொண்டார். அழுகை அடங்க நேரமானது.

"நான் சந்தோசப்பட்டேன் தம்பி. ஒவ்வொரு நாளும் தூக்கும்போது, நேத்தைக்கு இன்னிக்கு லேசா இருக்குதேன்னு சந்தோசப்பட்டேன். கம்பெனில எல்லார்கிட்டயும் சொன்னேன். பழமலைநாதருக்கு வெளக்குப் போட்டேன். அந்த மனுசன் செத்துக்கினு இருந்திருக்கறான், நான் வெளக்குப் போட்டிருக்கறேன்."

நான் படித்த கவிதை ஒன்றும் அப்போது உதவிக்கு வரவில்லை. கேன்டீனில் டீ வாங்கி வந்து பக்கத்தில் வைத்தேன். ஆறிப்போய் ஆடை கட்டிய பிறகு அதைக் குடித்தார்.

உயிர் திரும்பியது. கிட்னி இரண்டும் திரும்பவில்லை. இனிமேல் டயாலிசிஸ், வாழ்நாள் முழுக்க. கையில் சீட்டைக் கொடுத்தபோது டாக்டரம்மா இன்னொன்றும் சொன்னார். தண்ணீரை அளந்துதான் கொடுக்க வேண்டும். தாகம் எடுத்தாலும், கெஞ்சினாலும், அளவுக்கு மேல் கூடாது. உடம்பிலேயே தங்கிப்போகும், மூச்சு முட்டும்.

அக்கா திரும்பத் திரும்பக் கேட்டார். "தண்ணி குடுக்கக் கூடாதுங்களா? குடுக்கலன்னுதானே டாக்டர் திட்டுனீங்க? இப்ப குடுக்கக் கூடாதுங்களா?"

அண்ணன் வீட்டுக்கு வந்தபோது ஊதியிருந்தார். காலும் முகமும் நீர் கோத்து, தொட்டால் விரல் பதிந்தது. மங்களூரிலிருந்து கோவிந்தராசு ஒரு காரே பிடித்துக்கொண்டு வந்துவிட்டார்.

"இப்பவாச்சும் வுடும்மா. முன்னாடி இருந்ததுக்கு இப்ப கனம். உன்னால ஆவாது. நீயும் வுழுந்துட்டன்னா ரெண்டு பேரையும் யாரு தூக்கறது?"

"மங்களூர்ல டயாலிசிஸ் இருக்குதுங்களா மாமா?"

"திட்டக்குடி வந்து, அங்கேருந்து பஸ்ஸு புடிச்சி..."

"இங்க ஆட்டோல ஏத்துனா எறக்கற நேரந்தான்."

"ஏத்தறது யாரு?"

அக்கா, வாசலில் நின்றிருந்த என்னைப் பார்த்து, "தம்பி, அந்த பெல்ட்டு இன்னும் இருக்குதா?" என்றார்.

இருந்தது. முதலாளி யாருக்கும் விற்கவில்லை. சைக்கிளில் போய் எடுத்து வந்தேன். இந்த முறை அக்கா யாரையும் கேட்கவில்லை. எல்லார் முன்னாலும், முந்தானையைச் செருகிக்கொண்டு பெல்ட்டைக் கட்டினார். கோவிந்தராசு, "இன்னாம்மா இது, பொம்பளப் புள்ள குஸ்திக்குப் போற மாதிரி" என்று ஆரம்பித்தவர், கட்டிலருகே அக்கா குனிந்ததும் நிறுத்திக்கொண்டார்.

அக்கா மூச்சை இழுத்து நிறுத்தினார். அண்ணன் கைகளை அவர் கழுத்தில் போட்டுக்கொண்டார். தூக்கும்போது அக்காவின் தொண்டையிலிருந்து ஒரு முனகல் வந்தது. கட்டிலிலிருந்து நாற்காலிக்கு இரண்டு எட்டு தூரம்தான். அதைக் கடப்பதற்குள் அவர் நெற்றி நரம்பு புடைத்துவிட்டது. உட்கார வைத்துவிட்டு, நிமிராமல், அண்ணனின் தோளில் நெற்றியை முட்டுக் கொடுத்துக்கொண்டு மூச்சு வாங்கினார்.

கோவிந்தராசு துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டே வெளியே போனார். கார்க்காரனிடம் ஏதோ சொல்வது கேட்டது. வண்டி திரும்பிப் போய்விட்டது.

"மூட்டை எப்பிடி இருக்குது?" என்றார் அண்ணன்.

"பேசாத" என்றார் அக்கா.

இப்போதும் அப்படித்தான் நடக்கிறது. அக்கா எஸ்டேட் வேலையை அரைநாளாக மாற்றிக்கொண்டிருக்கிறார். டயாலிசிஸ் நாட்களில் காலையில் ஆட்டோ வரும். ஆஸ்பத்திரியில் மெஷினில் போடுவதற்கு முன்னால் எடை பார்ப்பார்கள், பிறகும் பார்ப்பார்கள். சேர்ந்த தண்ணீரை எல்லாம் உறிஞ்சி எடுத்துவிடுவதால் திரும்பும்போது அண்ணன் வற்றிப்போய், கண் குழிந்து வருவார். தாகம் அப்போதுதான் அதிகம். ஐஸ் கட்டி ஒன்றை வாயில் அடக்கிக்கொண்டு ஒன்றும் பேசமாட்டார். கவிதைப் புத்தகத்தைக் கையில் கண்டால்கூட கிண்டல் வராது.

போன வாரம் ஒருநாள் ஆட்டோவிலிருந்து இறக்க நானும் போய் நின்றேன். அக்கா பெல்ட்டை எடுத்துக் கட்டிக்கொண்டிருந்தார். காலையில் ஏற்றும்போது கட்டியிருந்ததைவிட ஒரு ஓட்டை உள்ளே தள்ளி, இறுக்கமாக.

"இப்ப லேசாத்தானேக்கா இருப்பாரு. சும்மாவே தூக்கிடலாமே" என்றேன்.

கொக்கியை மாட்டியபடி, ஆட்டோவில் சாய்ந்து கண்ணை மூடியிருந்த அண்ணனைப் பார்த்தார்.

"லேசா இருக்கற அன்னிக்குத்தான் தம்பி எனக்குப் பயமா இருக்குது" என்றார். பிறகு குனிந்து, அவர் கைகளை எடுத்துத் தன் கழுத்தில் போட்டுக்கொண்டார்.